அவிரோதம்: பொம்மபுரச் சூழலில் ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

பகையின்றிக் கூடி வாழ்தலைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள் ‘அவிரோதம்’ இன்று ஏறத்தாழ வழக்கிழந்தது. 17ஆம் நூற்றாண்டு வீரசைவ நூலான ‘அவிரோத உந்தியார்’ என்பதன் பெயரில் அது எஞ்சி நிற்கிறது. அந்நூலைச் சமய நல்லிணக்க நூல் என்று சுட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. அச்சொல் தருக்கக் களத்திற் பிறந்தது என்பதையும், மறுப்பை விலக்காமல் அதனோடு உடனுறைந்தது என்பதையும் இக்கட்டுரை காட்ட முயல்கிறது. அதன் வழி ‘சமாதானம்’, ‘சமரசம்’, ‘சகவாழ்வு’, ‘நல்லிணக்கம்’ ஆகிய சொற்களின் இன்றைய பொருள்நிலையையும் நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: அவிரோதம், விரோதம், நிராகரணம், சமாதானம், பொம்மபுர ஆதீனம், சாந்தலிங்கர், சிவப்பிரகாசர், சொற்பொருள் மாற்றம்.

1. இடமும் இரு நூற்பெயர்களும்

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் அமைந்துள்ளது பொம்மையார்பாளையம். கீழ்ப்புறம் மீனவர் குப்பம். மேற்புறம் செம்மண் மேடு. வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். பொம்மபுரம் எனவும் வழங்கிய இவ்வூரில் வீரசைவத் திருமடம் ஒன்று உண்டு. மயிலம் பொம்மபுர ஆதீனம் என இன்று அறியப்படும் மடத்தின் மூலத் தலம் இதுவே. அம்மடத்தின் முதல்வர் சிவஞான பாலைய சுவாமிகள். அவருக்குப் பின் பீடத்தில் அமர்ந்தோரும் அப்பெயரையே ஏற்றுவருகின்றனர்.

துறைமங்கலம் சிவப்பிரகாசர் இம்மடத்தோடு இணைந்த வரலாறு தமிழ் பயின்றோர் அறிந்ததே. சாந்தலிங்கர் அவரைச் சந்தித்து, பொம்மபுரத்துச் சிவஞான பாலையரைப் பாடுமாறு வேண்டினார் என்றும், மானிடரைப் பாடேன் எனச் சிவப்பிரகாசர் மறுத்தார் என்றும், வழியில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் தங்கிய இரவில் முருகன் கனவில் தோன்றிப் பணித்தமையால் இசைந்தார் என்றும் மரபு கூறும். தாலாட்டு, நெஞ்சுவிடு தூது முதலியன அவ்வாறு எழுந்தன. சிவப்பிரகாசரின் தங்கை ஞானாம்பிகையைச் சாந்தலிங்கருக்கு மணம் முடித்தனர் என்பதும் அம்மரபின் பகுதியே. கனவுச் செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இவ்விருவரும் ஒரே அறிவுச் சூழலுக்கு உரியவர்கள் என்பதை மடத்து நினைவு உறுதியாகப் பேணிவந்துள்ளது. இக்கட்டுரைக்கு அதுவே போதும்.

அச்சூழலில் பிறந்த இரண்டு நூற்பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, சாந்தலிங்கர் இயற்றிய ‘அவிரோத உந்தியார்’. மற்றொன்று, சிவப்பிரகாசர் இயற்றியதாகச் சொல்லப்பெறும் ‘ஏசுமத நிராகரணம்’. முன்னதன் பெயர் முரணின்மையைப் பேசுகிறது. பின்னதன் பெயர் பிற சமயத்தை மறுத்தலை அறிவிக்கிறது. மைத்துனர் இருவர் எழுதிய இந்நூல்களுக்கிடையே முரண் உண்டா? இன்றைய ‘நல்லிணக்கம்’ என்னும் பொருளை ‘அவிரோதம்’ மீது ஏற்றினால் முரண் உண்டு. அவர்கள் காலத்துப் பொருளில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலன்றி உந்தியாரைச் சரியாக வாசிக்க இயலாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

2. விரோதம் பகையாவதற்கு முன்

‘விரோதம்’ என்பது இன்று பேச்சுத் தமிழில் பகை. ‘விரோதி’ பகைவன். அறுபதாண்டுச் சுழற்சியில் ‘விரோதி’, ‘விரோதிகிருது’ என ஆண்டுகள் இரண்டு உண்டு. ‘அவிரோதி’ என்றோர் ஆண்டு இல்லாமற் போனது தற்செயலே எனினும், எச்சொல் நிலைத்தது, எது மங்கியது என்பதற்கு நல்ல அடையாளம். இச்சொல்லின் வடமொழி அடி ‘ருத்’ என்பது. தடுத்தல் என்று பொருள்படும். ஒன்றையொன்று தடுத்து நிற்பதே விரோதம். சாத்திர வழக்கில் அது மனிதர்க்கிடையே நிகழும் பகையைக் குறித்ததை விட, கூற்றுகளுக்கிடையே நிகழும் முரணையே பெரிதும் குறித்தது. ஒரு வாக்கியம் இன்னொன்றால் தடுக்கப்படுமாயின் அது விரோதம், தடுக்கப்படாதாயின் அவிரோதம்.

பிரம சூத்திரத்தின் நான்கு அத்தியாயங்களுள் இரண்டாவது ‘அவிரோத அத்தியாயம்’ எனப் பெயர் பெறும். வேதாந்த முடிபு பிற நூல்களாலோ தருக்கத்தாலோ தடுக்கப்படவில்லை என நிறுவுவது அதன் நோக்கம். அதன் இரண்டாம் பாதத்துக்குத் ‘தர்க்க பாதம்’ என்று பெயர். சாங்கியம், வைசேடிகம், பௌத்தம், சமணம், பாசுபதம், பாஞ்சராத்திரம் ஆகியவை அங்கு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவிரோதம் என்னும் தலைப்பின் கீழ் இத்தனை மறுப்புகள் அடுக்கப்பட்டிருப்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். அக்காலக் கற்றோருக்கு அதில் வியப்பில்லை. எதிர்க்கூற்றைக் கேட்டு, விடை கூறி, தன் கூற்றின் மீதிருந்த தடையை நீக்குவதே அவிரோதம் நாட்டும் வழி.

சமணரிடத்தும் இச்சொல் இப்பொருளிலேயே வழங்கியது. காஞ்சியோடு தொடர்புபடுத்தப்பெறும் சமந்தபத்திரர் தம் ‘ஆப்தமீமாம்சை’யில், நம்பத்தக்கவர் யார் என்னும் வினாவுக்கு விடையாக, எவருடைய வாக்கு யுக்திக்கும் சாத்திரத்துக்கும் அவிரோதமாக உள்ளதோ அவரே என்கிறார். தமிழ்ச் சமணப் புலவர் ஒருவரின் பெயராகவே இச்சொல் நின்றதும் கருதத்தக்கது. மயிலை நேமிநாதர் மீது ‘திருநூற்றந்தாதி’ பாடியவர் அவிரோதி ஆழ்வார். மயிலையிலிருந்த நேமிநாதர் திருவுருவம் பிற்காலத்தில் மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்பது தமிழ்ச் சமணர் மரபு. மேல்சித்தாமூர் பொம்மபுரம் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் அங்கேயே இருக்கிறது. சாந்தலிங்கர் இச்சொல்லைச் சமணரிடமிருந்து பெற்றார் என்று கூற இடமில்லை. ஆயினும், அவர் கையாளுவதற்கு முன்பே இச்சொல் இந்நிலப்பகுதியில் ஒருவகைப் புலமை மணத்தோடு உலவியது எனலாம். ‘அவிரோதி’ என்று ஒருவரை அழைத்தால், அவர் சாதுவானவர் என்பது மட்டும் பொருளாகாது. அவர் சொல் எங்கும் தடைபடாது என்பதும் அதில் அடங்கும்.

3. உந்தியார் என்னும் வடிவமும் அவிரோதமும்

உந்தியார் மகளிர் விளையாட்டுப் பாடலிலிருந்து எழுந்த வடிவம். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் கையாண்டார். சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் முதலாவதாக வைக்கப்பெறும் ‘திருவுந்தியார்’ அதை மெய்யியல் வடிவமாக்கியது. சிறிய அடிகளில் ‘உந்தீபற’ என முடியும் இவ்வமைப்பில் விரிவான வாதத்துக்கு இடமில்லை. துணிபுகளைச் சுருங்கக் கூறலாம். எஞ்சியதை உரை நிரப்ப வேண்டும். அவிரோத உந்தியாருக்குத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் எழுதிய உரை அப்பணியைச் செய்கிறது. சாந்தலிங்கர், குமாரதேவர், சிதம்பர சுவாமிகள் என்னும் ஆசிரிய மாணவர் வரிசை வீரசைவத் தமிழ் மரபில் நன்கறியப்பட்டது. மூலத்தையும் உரையையும் ஒருசேரப் படித்தாலே நூலின் கருத்து புலப்படும்.

நூலின் மையம் யாது? சமயங்கள் ஒன்றோடொன்று பிணங்குவது அவற்றின் இயல்பினால் அன்று. அவற்றை ஏற்பவர் நிற்கும் நிலைகளினால். அவரவர் பக்குவத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நெறியும் தத்தம் அளவில் பொருந்துகிறது. மெய்யுணர்ந்தவன் எந்நெறியோடும் பிணங்கான்; ஏனெனில் எந்நெறியும் அவன் நிலையைத் தடுக்காது. இதில் ‘தடுக்காது’ என்பதே கருத்தூன்ற வேண்டிய இடம். பிற சமயங்கள் தன் சமயத்துக்கு நிகரானவை என்று நூல் கூறவில்லை. அவை படிகள், உச்சியில் நிற்பது ஆசிரியரின் வீரசைவ அனுபவ நிலை.

இப்படிமுறைச் சிந்தனை தமிழ்ச் சைவத்துக்குப் புதிதன்று. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களை வகுத்து நிறுத்துவது சித்தாந்திகளின் முறை. சிவஞான சித்தியார் பரபக்கம் சுபக்கம் என இரு கூறாக நின்று பிறர் கொள்கையை மறுத்துத் தன் கொள்கையை நாட்டுகிறது. உமாபதி சிவம் 1313இல் இயற்றிய ‘சங்கற்ப நிராகரணம்’ இம்மறுப்பை அகச்சமயங்களுக்குள்ளேயே நிகழ்த்துகிறது. சாந்தலிங்கர் அதே ஏணியை எடுத்துக்கொண்டு அதன் மனநிலையை மாற்றுகிறார். சித்தாந்திக்குக் கீழ்ப்படி மறுக்கத்தக்கது. சாந்தலிங்கருக்கோ அது ஏறிவருவோருக்கு வேண்டுவது. ஏணி மட்டும் அப்படியே நிற்கிறது.

எரிக் ஸ்டைன்ஷ்னைடர் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சைவத்தின் பொதுமை நோக்கைப் பற்றி அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் (2016) உந்தியார் உரிய கவனம் பெற்றுள்ளது. அதற்கு முன்பே ஜெர்மானிய இந்தியவியலறிஞர் பால் ஹாக்கர், பிறர் சமயத்தைத் தன் சமயத்தின் கீழ்ப்பகுதியாக உள்ளடக்கிக்கொள்ளும் இப்போக்கை இந்தியச் சிந்தனையின் தனிப் பண்பாகச் சுட்டி, அது சகிப்புத்தன்மை ஆகாது என வாதிட்டார். ஹாக்கரின் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அவர் கடுமை உந்தியாருக்கு முற்றும் பொருந்தாது. கீழ்ப்படியில் வைக்கப்பட்டவரை அங்கிருந்து தள்ளும் எண்ணம் இந்நூலில் இல்லை. அவரோடு வாதிடுவதையும் இது கைவிடவில்லை.

4. மறுத்தலும் அவிரோதமும் ஒரே கையில்

சாந்தலிங்கரின் மற்றொரு நூலின் பெயர் ‘கொலைமறுத்தல்’. உயிர்க்கொலையையும் புலால் உண்ணலையும் அது கண்டிக்கிறது. ‘அவிரோதம்’ என ஒரு நூலுக்குப் பெயரிட்டவரே ‘மறுத்தல்’ என இன்னொன்றுக்குப் பெயரிட்டுள்ளார். அவர் உறவு பூண்ட மடமோ மீன்பிடி வலைகள் உலரும் கரையில் நிற்கிறது. புலால் மறுத்த துறவியரும் மீன்பிடித்து வாழும் மக்களும் ஒரே ஊரின் பெயரைப் பகிர்ந்துகொண்டு நூற்றாண்டுகளைக் கழித்துள்ளனர். அவர்கள் எவ்வாறு பழகினர் என்பதை நூல்கள் சொல்வதில்லை. கொள்கையளவில் மறுப்பும் இடத்தளவில் உடனுறைவும் அங்கு ஒருசேர இருந்தன என்பது மட்டும் வெளிப்படை.

‘ஏசுமத நிராகரணம்’ இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. சிவப்பிரகாசர் வீரமாமுனிவரோடு வாதிட்டு வென்றபின் இதை இயற்றினார் என்னும் கதையைச் சில இலக்கிய வரலாறுகள் ஐயமின்றித் திரும்பக் கூறுகின்றன. வீரமாமுனிவர் இந்தியா வந்தது 1710இல். சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டினர். முப்பத்திரண்டு அகவையிலேயே மறைந்தார் என்பதும் மரபு. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால் அச்சந்திப்பு நிகழ்ந்திருக்க இயலாது. வாதம் நிகழ்ந்தது உண்மையாயின் வேறொரு கிறித்தவத் துறவியோடுதான் நிகழ்ந்திருக்க வேண்டும். 1674இல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய புதுச்சேரி பொம்மபுரத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவு. அவ்வகைச் சந்திப்புகளுக்குக் குறைவிருந்திராது.

சிவப்பிரகாசரின் ‘பிரபுலிங்க லீலை’ இவ்விடத்தில் துணைக்கு வரும். சாமரசர் கன்னடத்தில் எழுதியதைத் தழுவிய இக்காப்பியத்தின் தலைவன் அல்லமப் பிரபு. அவன் செல்லுமிடமெல்லாம் வாதிடுகிறான். சித்தராமனோடும் கோரக்கனோடும் அவனுக்கு நிகழும் எதிர்ப்பாடுகள் மென்மையானவை அல்ல. ஆனால் வாதத்தின் முடிவில் எதிராளி அழிவதில்லை, உடன் வருகிறான். பசவண்ணரின் கல்யாணத்து அனுபவ மண்டபம் பற்றி வீரசைவர் பேணும் நினைவும் உரையாடல் மண்டபத்தின் நினைவே. பொம்மபுரத்தார் ஏற்ற மரபில் கூடி வாழ்தலின் முதற்படிவம் கூடி வாதிடல்.

ஒப்பிடுவதற்குப் புதுச்சேரியையே எடுக்கலாம். அங்கு வேதபுரீசுவரர் கோயிலும் ஏசு சபையாரின் புனித பவுல் ஆலயமும் அருகருகே நின்றன. அவற்றிடையே நெடுங்காலப் பூசல் நிலவியது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்நாட்களின் வேதனையைப் பதிவு செய்துள்ளது. ஒட்டிய மதில்களும் ஒரே தெருவும் இருந்தன; எதிர்வாதத்துக்கான மண்டபம் இல்லை. முடிவைத் தீர்மானித்தது ஆளுநரின் அதிகாரம்.

5. வாத மண்டபத்திலிருந்து வந்த அமைதிச் சொற்கள்

அவிரோதம் தனித்த ஒன்றன்று. அமைதியைக் குறிக்க நாம் அன்றாடம் ஆளும் வேறு சில சொற்களும் வாதக் களத்திலிருந்தே புறப்பட்டவை. ‘சமாதானம்’ என்றால் இன்று சண்டை ஓய்தல். ஆனால் உரையாசிரியரிடத்தும் சாத்திர நூல்களிடத்தும் ‘ஆட்சேபம்’ என்பதற்கு இணையாக நிற்பது ‘சமாதானம்’. எழுப்பிய தடைக்கு அளிக்கும் விடை என்பது அதன் பொருள். ஆட்சேபம் எழாத இடத்தில் சமாதானம் கூற இயலாது. இன்றும் ஒருவர் தவறு செய்துவிட்டுக் காரணம் கூறினால் ‘சமாதானம் சொல்கிறான்’ என்கிறோம். பழைய பொருளின் எச்சம் அது.

‘மதம்’ என்னும் சொல்லையும் காண்க. நன்னூல் பாயிரம் நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுகிறது. உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் முதலிரண்டு. பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல் மூன்றாவது. அங்கு மதம் என்பது கொள்கை. ஆசிரியன் எடுத்த நிலைப்பாடு. அக்கொள்கைக்கு உடன்படவும் மறுக்கவும் வழியுண்டு என்பது அச்சொல்லின் உள்ளேயே அடங்கியிருந்தது. மதம் பிறப்பால் வரும் அடையாளமாகக் கருதப்பட்ட பின்னர் மறுத்தல் என்பது ஒருவரை இழிவுபடுத்தலாக மாறிவிட்டது. ‘மத நல்லிணக்கம்’ என்னும் தொடரில் வரும் மதம் இவ்விரண்டாம் மதமே.

மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான்; அடுத்து, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறு வேண்டுகிறான். வாதத்துக்கு அழைப்பும் பூசலுக்குத் தடையும் ஒரே அறிவிப்பில் வருகின்றன. அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு ஆளப்படும் சொல் ‘சமவாயம்’, கூடிவருதல். தன் சமயத்தைப் புகழ்தலிலும் பிறர் சமயத்தை இகழ்தலிலும் நாவடக்கம் வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. காரணமின்றிப் பேசுதலை விலக்கும் அது, காரணம் உள்ளவிடத்து அளவோடு பேசுதலுக்கு இடம் வைக்கிறது; ஒருவர் அறத்தை மற்றவர் செவிமடுக்க வேண்டும் எனவும் கூறுகிறது. அசோகரைப் பல்சமயப் பொறையின் முன்னோடி என மேற்கோள் காட்டுவோர் இந்நுட்பத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

6. சமரசத்தின் பயணம்

சிதம்பர சுவாமிகளின் உரை மரபு வள்ளலாரைத் தொடுகிறது. 1851இல் இராமலிங்கர் பதிப்பித்த ‘ஒழிவிலொடுக்கம்’ சிதம்பர சுவாமிகளின் உரையோடு வெளிவந்தது. பின்னாளில் இராமலிங்கர் தேர்ந்த சொல் அவிரோதம் அன்று, சமரசம். 1865இல் ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’; 1872இல் ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’. ‘வேத’ என்பது நீங்கிச் ‘சுத்த’ என்பது புகுந்தது சிறிய திருத்தமன்று. 1873 அக்டோபர் 22இல் நிகழ்த்திய பேருபதேசத்தில் சமய நூல்களின் மீதும் சமயங்களின் மீதும் பற்று வைக்க வேண்டாம் என அவர் வெளிப்படையாகக் கூறினார். சாந்தலிங்கர் ஏணியை வைத்துக்கொண்டு எல்லோரையும் அதில் நிறுத்தினார். இராமலிங்கர் ஏணியையே அகற்றினார். இதுவும் ஒரு மறுத்தலே.

அதன் விளைவு அனைவரும் அறிந்தது. 1860களின் இறுதியில் ஆறுமுக நாவலர் தரப்புக்கும் வள்ளலார் தரப்புக்கும் மூண்ட அருட்பா–மருட்பாப் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. மறுப்பு நூல் எழுதுதல் பழைய மரபு. மறுப்பு மான நட்ட வழக்காவது புதியது. ‘விரோதம்’ என்னும் சொல் கூற்றுகளின் முரண் என்பதிலிருந்து ஆட்களின் பகை என்பதற்கு நகர்ந்ததை வரலாற்றில் ஓரிடத்தில் சுட்ட வேண்டுமெனில், பொம்மபுரத்துக்குத் தெற்கே இதே கடற்கரையில் கடலூரை அடுத்துள்ள அந்த நீதிமன்றத்தைச் சுட்டலாம். அச்சு இயந்திரமும் காலனிய நீதிமுறையும் சேர்ந்து வாதத்தின் இடத்தை மாற்றிவிட்டன.

சமரசமும் தன் பொருளில் நிலைக்கவில்லை. இன்று தொழிற்சங்கப் பேச்சிலும் குடும்ப வழக்கிலும் சமரசம் என்றால் இரு தரப்பும் சிறிது விட்டுக்கொடுத்தல். ‘கொள்கையில் சமரசமில்லை’ எனும்போது அது பழிச்சொல்லாகவே நிற்கிறது.

7. சகவாழ்வும் நல்லிணக்கமும்

‘சகவாழ்வு’ இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம். பிறந்த இடம் அரசுகளுக்கிடையிலான உறவு. 1954 ஏப்ரல் 29இல் இந்தியாவும் சீனாவும் திபெத்து வணிகம் தொடர்பாகச் செய்த உடன்படிக்கையின் முகவுரையில் வரும் பஞ்சசீலத்தின் ஐந்தாவது கூறு சமாதான சகவாழ்வு. 1956இல் சோவியத்துக் கட்சியின் 20ஆம் பேராயத்தில் குருசேவ் முன்வைத்த கொள்கையும் இதே பெயரில் தமிழ் இடதுசாரி எழுத்தில் வேரூன்றியது. ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாமை அதன் உட்கிடை. எல்லைக்கோடு உள்ள இரு நாடுகளுக்கு அது பொருந்தும். ஒரே தெருவில் வாழ்வோருக்குத் தலையிடாமையை நெறியாகக் கூறுவது, முன்னரே நிலவும் ஏற்றத்தாழ்வைத் தொடாமல் விடுவதாகவும் முடியலாம். இலங்கையில் 2015க்குப் பின் அமைந்த ஆட்சியில் ‘தேசிய சகவாழ்வு’ என்பது ஓர் அமைச்சின் பெயரிலேயே இடம்பெற்றது.

‘நல்லிணக்கம்’ அதனினும் பரவலானது. இந்தியாவில் ஆகஸ்டு 20 நல்லிணக்க நாள். அரசு அலுவலகங்களில் உறுதிமொழி ஏற்கப்படுகிறது. இலங்கையில் 2010இல் அமைந்து 2011இல் அறிக்கையளித்த ‘கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு’ இச்சொல்லுக்குப் போருக்குப் பிந்தைய பொருளொன்றை ஏற்றியது. தமிழகத்தில் அது மோதலைத் தவிர்த்தல். ஈழத்தில் அது நிகழ்ந்த அழிவுக்குப் பின் சேர்ந்திருத்தல். ஈழத் தமிழ் எழுத்தில் இச்சொல் ஐயத்தோடு ஆளப்படுவதற்குக் காரணம் தெளிவு: பொறுப்புக்கூறல் என்னும் ஆட்சேபத்துக்கு விடை வருமுன்னரே நல்லிணக்கம் கோரப்பட்டது. சாத்திர வழக்கில் கூறுவதாயின், ஆட்சேபம் நிற்கச் சமாதானம் அறிவிக்கப்பட்டது. சிவப்பிரகாசர் கனவு கண்டதாக மரபு கூறும் அதே கீழ்ப்புத்துப்பட்டில் இன்று இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. அங்கு வாழ்வோரின் வழக்கில் இச்சொற்கள் எப்பொருள் கொள்கின்றன என்பது கள ஆய்வுக்குரியது.

இதே கடற்கரையில் 2013 ஏப்ரல் 25இல், மாமல்லபுரத்துச் சித்திரை முழுநிலவு விழா நாளன்று, மரக்காணத்தில் சாதி மோதல் மூண்டு தலித் மக்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இத்தகைய நிகழ்வுகளை அடுத்து வருவாய்த்துறையினர் இரு தரப்பையும் அழைத்து நடத்துவதற்குப் பொதுவாக ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்று பெயர். எரிந்த குடிசைக்குரியவரும் ஒரு தரப்பு. மற்றவரும் ஒரு தரப்பு. சொல்லே இருவரையும் சமமாக்கிவிடுகிறது. மறுத்தலுக்கு அங்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது சமாதானமா அமைதியா என்பது தீரும்.

ஊரின் மேற்கே வேறொரு விடை முயலப்பட்டது. 1968 பிப்ரவரி 28இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டு ஆரோவில் தொடங்கப்பட்டது. எல்லாச் சமயங்களுக்கும் அரசியலுக்கும் தேசியங்களுக்கும் மேலே நின்று மனித ஒருமையை எய்துதல் அதன் குறிக்கோள். சாந்தலிங்கரின் ஏணியில் எல்லாச் சமயங்களும் கீழ்ப்படிகள். ஆரோவில் எல்லாவற்றையும் கீழே விட்டு மேலே செல்ல விழைகிறது. இரண்டிலும் ‘மேல்’ உண்டு என்பது ஒற்றுமை. அதை அடுத்த பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் போன்ற ஊர்களின் மக்கள் எப்படியில் வைத்து எண்ணப்படுகின்றனர் என்பதே இரண்டின் மீதும் எழுப்பத்தக்க வினா.

8. ஒப்புரவு

படிகள் இல்லாத ஒரு சொல் தமிழில் உண்டு. ‘ஒப்பு’ என்பதிலிருந்து வரும் ‘ஒப்புரவு’. வள்ளுவர் அதைத் தீவினையச்சத்துக்கும் ஈகைக்கும் இடையே 22ஆம் அதிகாரமாக வைத்துள்ளார். நூல்கள் விதித்து அறியவேண்டாது, உலகநடையினைத் தாமே அறிந்து செய்வது எனப் பரிமேலழகர் விளக்குவார். பிற்காலத்துக் கிறித்தவர் இச்சொல்லை வேறொரு திசையில் கொண்டு சென்றனர். தமிழ் விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் பிரிந்தவரை மீண்டும் இணைத்தல் ‘ஒப்புரவாக்குதல்’ எனப்படுகிறது. கத்தோலிக்கர் முன்பு ‘பாவசங்கீர்த்தனம்’ என்றதை இன்று ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்கின்றனர். குற்றத்தை வாயால் ஏற்றுச் சொல்வது அதன் முதற்செயல். உலகத்தோடு ஒத்து உதவுதல், பிழையை ஏற்றபின் மீள இணைதல் என இரு பொருள்களும் ஒரே சொல்லில் நிற்கின்றன. ஆணைக்குழுவின் பெயருக்கு இச்சொல் கிடைக்காமற் போனதற்கு அதன் இச்சுமையும் ஒரு காரணமோ எனக் கருத இடமுண்டு.

அவிரோத உந்தியாரைப் பாடத்திட்டங்களிலும் இலக்கிய வரலாறுகளிலும் அறிமுகப்படுத்துகையில் ‘சமய நல்லிணக்கம் போற்றும் நூல்’ என்னும் ஒற்றைத் தொடர் போதாது. ‘முரண் தீர்த்தலைப் பேசும் வீரசைவ நூல்’ என்பது மூலத்துக்கு நெருக்கமானது. அகராதிப் பதிவுகளிலும் ‘அவிரோதம்’ என்பதற்குத் தருக்கப் பொருளை முன்னும் பகையின்மைப் பொருளைப் பின்னும் நிறுத்தி, சமணம், வேதாந்தம், வீரசைவம் என ஆட்சியிடங்களைக் காலமுறையில் தருதல் வேண்டும். சிதம்பர சுவாமிகளின் உரையில் இச்சொல்லும் ‘விரோதம்’, ‘சம்மதம்’ போன்ற இனச்சொற்களும் வரும் இடங்களைத் தொகுத்தல் அதற்கு முதற்பணி. ‘ஏசுமத நிராகரண’த்தின் எஞ்சிய பாடல்களையும் உந்தியாரையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிப்பது அதனோடு சேரத்தக்கது.